கோபுரத் தேனீக்களுக்குத் தீ வேண்டாம்

ஆசிரியருக்கு,

கோயில் கோபுரத்தில் இருந்த தேன்கூடுகள் பக்தர்களின் பாதுகாப்புக்காகத் தீப்பந்தம் கொண்டு அழிக்கப்பட்டதாகத் தங்கள் நாளிதழில் வெளியான செய்தியைப் படித்தேன். பாதுகாப்பு முக்கியம் என்பதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆயினும், தேனால் சுவாமிக்கு அபிஷேகம் செய்து, பழனிப் பஞ்சாமிர்தத்திலும் அதைச் சேர்த்துப் பிரசாதமாக உண்ணும் நாம், அந்தத் தேனைத் தரும் உயிரைச் சந்நிதி வாசலிலேயே எரிப்பது எந்த ஆகமத்துக்கும் அடுக்காது. கோபுரங்களில் கூடு கட்டுபவை பெரும்பாலும் மலைத்தேனீக்கள். திறந்த வெளியில் ஒற்றை அடையாகக் கட்டி, பூக்கள் குறைந்ததும் கூட்டைக் காலி செய்துவிட்டு வேற்றிடம் பெயரும் இயல்புடையவை. எங்கள் ஊர்க் கோபுரத்தின் இரண்டாம் நிலையில், துவாரபாலகர் சுதையின் முழங்கைக்கு அடியில் முறம் அகலத்துக்குத் தொங்கும் அடை, வேம்பும் புங்கும் பூக்கும் பருவத்தில் உருவாகி, மழை வலுத்ததும் வெறும் மெழுகாகிவிடும். எனக்குத் தெரிந்து அவை பக்தர்களைக் கொட்டியது, திருவிழாவில் யாரோ கோபுரத்தடியிலேயே அதிர்வேட்டு வெடித்தபோதுதான்.

எனவே, கூடு உள்ள மாதங்களில் கோபுரத்தின் அருகே வெடியையும் இரவில் கூட்டின்மீது படும் மின்விளக்கையும் தவிர்த்து, பக்தர்களை வேறு வாசல் வழியே அனுப்புமாறும், அகற்றியே தீர வேண்டிய இடங்களில் தேனெடுப்பதில் தேர்ந்த பழங்குடியினரை உரிய ஊதியத்துடன் அழைத்துக்கொள்ளுமாறும் இந்து சமய அறநிலையத் துறை எல்லாக் கோயில்களுக்கும் சுற்றறிக்கை அனுப்ப வேண்டும்.

வாசகர், தஞ்சாவூர் மாவட்டம்