வாய்ப்புக் குறைந்து கேமராவை எடுத்தவர் அல்ல தெல்ஃபீன் செரிக்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் உலக சினிமா பக்கத்தில் பிரெஞ்சு நடிகை தெல்ஃபீன் செரிக்கைப் பற்றி ஒரு கட்டுரை வந்திருந்தது. பெயரைப் பார்த்ததுமே அடுப்பில் வைத்த பாலை மறந்து படிக்க உட்கார்ந்துவிட்டேன். பால் பொங்கி வழிந்தது, அதற்காக வருந்தவில்லை. கடைசிப் பத்தியில் இருந்த ஒரு வரிதான் இரண்டு நாளாக நெஞ்சில் முள்ளாய்த் தைத்துக்கொண்டிருக்கிறது. ‘பட வாய்ப்புகள் குறைந்தபின் வீடியோ கேமராவுடன் பொழுதைக் கழித்தார்.’ அவர் இயக்குநராக உழைத்த ஆண்டுகள் அத்தனைக்கும் உங்கள் பத்திரிகை ஒதுக்கியது இந்த ஏழு சொற்கள்தான்.

வாய்ப்புக் குறைந்ததா? எப்போது? அவர் சக நடிகைகளைத் தேடிப் போய்க் கேமரா முன் பேட்டி எடுத்தது 1975, 1976-ஆம் ஆண்டுகளில். அதே 1975-இல் கான் திரைப்பட விழாவில் அவர் நடித்த மூன்று படங்கள் திரையிடப்பட்டன: மார்கரீத் துராஸின் ‘இந்தியா சாங்’, ஷாந்தால் அகெர்மானின் ‘ழான் தீல்மன்’, லிலியான் த கெர்மதெக்கின் ‘அலோயீஸ்’. மூன்றையும் இயக்கியவர்கள் பெண்கள். ஒரே விழாவில் மூன்று படம் வைத்திருந்த நடிகைக்கு வாய்ப்பில்லை என்று எழுத எப்படி மனம் வந்தது? இதெல்லாம் தங்களுக்குத் தெரியாதது அல்ல. தெரிந்தவர் கண்ணில் பட்டும் அந்த வரி அச்சேறிவிட்டதே என்பதுதான் என் வருத்தம்.

கட்டுரையில் ‘மர்ம அழகி’ என்ற அடைமொழி மூன்று இடங்களில் வருகிறது. 1961-இல் வெளிவந்த அலென் ரெனேயின் ‘மரியன்பாதில் சென்ற ஆண்டு’ படத்தின் இறகு உடைக்கு ஒரு முழுப் பத்தி. நானும் அந்தப் படத்தை ரசித்தவள்தான். ஆனால் அவர் இயக்கிய படம் ஒன்றின் பெயர்கூடக் கட்டுரையில் இல்லை. ‘அழகாக இரு, வாயை மூடு’ என்பதுதான் அந்தப் பெயர். பெயரை எழுதியிருந்தாலே வாசகர்களுக்குப் பாதி விளங்கியிருக்கும்.

நான் பிரெஞ்சு அறியாதவள். சென்னையில் இருபத்தெட்டு ஆண்டுகள் டப்பிங் பேசிப் பிழைத்தவள். என் தங்கை மகள் புதுச்சேரியில் பிரெஞ்சு கற்பிக்கிறாள். இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவான அந்தப் படத்தை அவள் நிறுத்தி நிறுத்திச் சொல்ல, காலையில் தொடங்கிப் பகல் சாப்பாட்டையும் தள்ளிப்போட்டு மாலை வரை பார்த்தேன். கறுப்பு வெள்ளை வீடியோ. அலங்கார விளக்கு இல்லை, பின்னணி இசை இல்லை. இருபதுக்கும் மேற்பட்ட நடிகைகள் ஒருவர் பின் ஒருவராக வந்து பேசுகிறார்கள். செரிக் பெரும்பாலும் சட்டகத்துக்கு வெளியே இருந்து கேட்கிறார்: ஆணாகப் பிறந்திருந்தால் நடிக்க வந்திருப்பீர்களா? இன்னொரு பெண்ணோடு அன்பாகப் பழகும் காட்சியில் எப்போதாவது நடித்திருக்கிறீர்களா? இரண்டாவது கேள்விக்கு யோசித்து யோசித்துத் திணறுகிறார்கள். நினைவுக்கு வரவில்லை. எப்படி வரும், அப்படிப்பட்ட காட்சியை யாரும் எழுதவே இல்லையே.

ஹாலிவுட் நடிகை ஜேன் ஃபோண்டா தன் முதல் ஒப்பனைச் சோதனையை விவரிக்கும் இடத்தில் என் கை தானாகக் கன்னத்துக்குப் போனது. முகத்துக்கு ஏதேதோ பூசி முடித்தபின் கண்ணாடியில் தெரிந்தது தன் முகமே அல்ல என்கிறார். கன்னம் ஒட்டித் தெரிவதற்காகப் பல் மருத்துவரிடம் போய்த் தாடை எலும்பை உடைத்துக்கொள்ளலாம் என்று யோசனை சொன்னார்களாம். அதைச் சிரித்தபடியே சொல்கிறார். மேடைப் பயிற்சியும் பெரிய படிப்பும் உள்ள கறுப்பின நடிகை மெய்டி நார்மன், வேலைக்காரி வேடங்களாகவே தன்னைத் தேடி வந்ததைக் குரல் உயர்த்தாமல் சொல்கிறார். மரியா ஷ்னைடருக்கு அப்போது வயது இருபத்து மூன்று, இருபத்து நான்குதான். அந்த வயதுக்குள் அவ்வளவு களைப்பு.

இன்னொன்று. ஆங்கிலத்தில் பேசும் அமெரிக்க நடிகைகளின் பதில்களுக்கு மேலே பிரெஞ்சில் ஒலிக்கும் குரல் செரிக்கினுடையது. அவர்கள் மூச்சு வாங்கும் இடத்தில் இவரும் நிறுத்துகிறார். அவர்கள் பேச்சை இவர் மூடவில்லை, பக்கத்தில் உட்கார்ந்து தோள் கொடுப்பதுபோல் கூடவே வருகிறார். “பெரியம்மா, அழுகிறீர்களா?” என்று என் தங்கை மகள் கேட்டாள். ஆமாம், அழுதேன்.

ஏன் என்று சொல்கிறேன். 1980-களில் ஒரு படத்துக்குப் பேசிக்கொண்டிருந்தேன். மைக்கில் சத்தம் விழும் என்று வளையல்களைக் கழற்றி மடியில் வைத்துக்கொள்வது எங்கள் வழக்கம். கதாநாயகியைக் கன்னத்தில் அறைந்துவிடுகிறான் நாயகன். ‘தப்பு என்மேல்தான், மன்னித்துவிடுங்கள்’ என்று அவள் சொல்ல வேண்டும். உதட்டசைவு பொருந்திவிட்டது. ஆனாலும் இயக்குநருக்குத் திருப்தி இல்லை, இன்னும் குழைவு வேண்டும் என்றார். அதே லூப், அதாவது டப்பிங்குக்காகத் திரும்பத் திரும்ப ஓட்டும் படத்துண்டு, பதினோராவது முறையாக ஓடியபோது நான் கேட்டேன்: ‘இவ்வளவு கெஞ்ச வேண்டுமா சார், அந்தப் பெண்ணின் முகத்திலேயே கோபம்தானே தெரிகிறது?’ கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து பதில் வந்தது: ‘உங்களைப் பேசத்தான் கூப்பிட்டோம் அம்மா, கருத்துச் சொல்ல இல்லை.’ அன்றைக்குப் பன்னிரண்டாவது முறை குழைந்து பேசிவிட்டு வந்தேன். படத்தின் டைட்டிலில் என் பெயர் இல்லை. நான் பேசிய பெரும்பாலான படங்களில் இல்லை. பேசுவதையே தொழிலாகக் கொண்டவளுக்கும் வாயை மூடு என்ற கட்டளைதான் கிடைத்தது. அதைப் பாரீசில் ஒருத்தி கேமரா வைத்துக் கேட்டிருக்கிறாள் என்று தெரிந்துகொள்ள எனக்கு அறுபது வயது கடக்க வேண்டியிருந்தது. அதைத்தான் நீங்கள் பொழுதைக் கழித்தார் என்கிறீர்கள்.

அவர் எடுத்தது அந்த ஒரு படம் மட்டுமல்ல. அமெரிக்கப் பெண்ணியவாதி வலரி சொலானஸ் ஆணாதிக்கத்தை எதிர்த்து எழுதிய பிரகடனம் பிரெஞ்சில் கிடைக்காமல் போனபோது, 1976-இல் வீடியோ படக் கலைஞர் காரோல் ருஸ்ஸோபுலோஸும் இவரும் கேமரா முன் மேசையின் இரு பக்கமும் உட்கார்ந்தார்கள். இவர் வாசிக்க, அவர் தட்டச்சு செய்கிறார். நடுவில் ஒரு தொலைக்காட்சிப் பெட்டியில் செய்தி ஓடுகிறது, அன்றைய உலகத்தின் சண்டைகள் எல்லாம் அதில் வருகின்றன. இருபத்தேழு நிமிடம்தான், வேறொன்றுமே நடப்பதில்லை. நான் கண்ணை எடுக்கவில்லை. சர்வதேச மகளிர் ஆண்டு முடிந்தது என்று ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியில் ஆண்கள் கேலி பேசியதையும், பெண்கள் நலத்துக்குப் பொறுப்பான அமைச்சர் பிரான்ஸ்வாஸ் ஜிரூ அதற்குச் சிரித்ததையும் பதிவு செய்து, நிறுத்தி, நடுநடுவே கையால் எழுதிய அட்டைகளைச் செருகிப் பதில் கொடுத்தது தோழியர் நால்வர். அவர்களில் செரிக் ஒருவர். 1982-இல் காரோலும் இயோனா வீடரும் இவரும் சேர்ந்து பெண்ணிய எழுத்தாளர் சிமோன் த போவார் பெயரில் பெண்களின் ஒளிப்பதிவுகளுக்காகவே ஒரு காப்பகம் தொடங்கினார்கள். 1990-இல் புற்றுநோயால் இறந்தபோது அவருக்கு வயது 58. காப்பகம் இன்றும் இயங்குகிறது.

பழைய கணக்கையும் சொல்லிவிடுகிறேன், மனத்தில் வைத்துக்கொண்டு புழுங்க விருப்பமில்லை. சில ஆண்டுகளுக்கு முன் இதே பக்கத்தில் ‘இந்தியா சாங்’ கல்கத்தாவில் படமாக்கப்பட்டது என்று எழுதினீர்கள். கதைதான் கல்கத்தாவில் நடக்கிறது. படம் பிடித்தது முழுக்க பிரான்சில், பாரீசை ஒட்டிய பாழடைந்த மாளிகை உள்ளிட்ட இடங்களில். அந்தப் படத்தில் திரையில் யாருடைய உதடும் பேசுவதில்லை, குரல்கள் எல்லாம் வெளியிலிருந்து வருகின்றன. என் தொழில்காரி எவளும் மறக்க முடியாத படம். அப்போதும் கடிதம் எழுதினேன். திருத்தம் வரவில்லை. 2022-இல் பிரிட்டிஷ் இதழ் ‘சைட் அண்ட் சவுண்ட்’ உலகின் சிறந்த படங்களுக்காக நடத்திய வாக்கெடுப்பில் ‘ழான் தீல்மன்’ முதலிடம் பெற்றபோது, உருளைக்கிழங்கு உரிக்கும் படம் என்று இரண்டு வரி போட்டீர்கள். மூன்றேகால் மணி நேரத்துக்கும் மேலாக அந்தப் படத்தைத் தோளில் சுமந்த நடிகையின் பெயரைப் போடவில்லை. அந்தப் படப்பிடிப்பை பிரெஞ்சு நடிகர் சாமி ஃப்ரே வீடியோவில் பதிவு செய்து வைத்திருக்கிறார், பாருங்கள். இருபத்தைந்து வயது நிரம்பாத அகெர்மானிடம், இந்த அசைவு எதற்கு, இங்கே இவள் என்ன நினைக்கிறாள் என்று செரிக் விடாமல் கேட்டுக்கொண்டே இருக்கிறார். அகெர்மானும் அவரைக் கருத்துச் சொல்ல வேண்டாம் என்று விரட்டவில்லை, உட்கார்ந்து பதில் சொல்கிறார். அதைப் பார்த்தபோது எனக்கு அந்தப் பன்னிரண்டாவது லூப் நினைவுக்கு வந்தது.

முப்பது ஆண்டுகளுக்கு மேலாக உங்கள் பத்திரிகையைக் காசு கொடுத்து வாங்கிப் படிப்பவள் என்ற உரிமையில் கேட்பது ஒன்றுதான். அடுத்த இதழில் ஒரு திருத்தம் போடுங்கள். ‘பொழுதைக் கழித்தார்’ என்பதை எடுத்துவிட்டு, 1975, 1976-இல் படமாகி 1981-இல் வெளிவந்த ‘அழகாக இரு, வாயை மூடு’ படத்தை இயக்கினார் என்று இரண்டு வரி எழுதினால் போதும். என் கடிதத்துக்கு இடமில்லை என்றால் விட்டுவிடுங்கள், வருந்த மாட்டேன். திருத்தத்தில் காரோல் ருஸ்ஸோபுலோஸின் பெயர் மட்டும் விடுபடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அந்தப் பேட்டிகளுக்குக் கேமரா பிடித்தது அவர்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற டப்பிங் கலைஞர்,
கோடம்பாக்கம், சென்னை