சிறுத்தை நடக்கும் வழியில் எங்கள் தேயிலை மலை: ஒரு திறந்த மடல்

இலங்கை மலையகத்தில் பணிபுரியும் வனசீவராசிகள் அதிகாரிகளுக்கும், பெருந்தோட்டக் கம்பனிகளின் முகாமையாளர்களுக்கும், சிறுத்தைகளை ஆராயும் பல்கலைக்கழகத்தாருக்கும்

ஐயா, அம்மணி,

சில வருடங்களுக்கு முன் ஒரு காலை. பெரட்டு (வேலைக்கு முன் ஆள் கணக்கெடுப்பு) முடிந்து மலைக்கு ஏறிய பெண்கள் பாதி வழியிலேயே நின்றுவிட்டார்கள் என்று ஒரு பையன் ஓடி வந்து சொன்னான். போய்ப் பார்த்தேன். தேயிலை முடிந்து மானாப்புல் தொடங்கும் இடத்தில், மரக்கறிப் பாத்திகளுக்கு மேலே, ஒரு சிறுத்தை கிடந்தது. மோட்டார் சைக்கிள் கிளட்ச் கம்பியில் முடிந்த சுருக்கு அதன் இடுப்பில் இறுகியிருந்தது. கம்பியின் மறுமுனையைக் கட்டிய மரத்தைச் சுற்றி மண் வட்டமாகக் கிளறப்பட்டிருந்தது. எட்டிய தூரத்துத் தேயிலைச் செடிகளின் வாதுகள் எல்லாம் கடித்து முறிக்கப்பட்டிருந்தன. முன்னங்கால் நகம் ஒன்று வேரோடு பெயர்ந்து மரப்பட்டையிலேயே குத்தி நின்றது. இரவு முழுவதும் போராடியிருக்கிறது. நான் போனபோது உடல் விறைத்துவிட்டது.

என் அம்மா தலையில் மாட்டிய கூடையை இறக்காமலே அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். "இது இந்த மலைச் சிறுத்தை இல்லை. இங்கே இருப்பது ஒரு தாய். அதற்கு இடது காது கிழிந்திருக்கும். இது எங்கிருந்தோ வந்த இளசு, ஆண்" என்றார்.

பிறகு வந்தவர்கள் கேட்டது ஒரே கேள்வி: கம்பி கட்டியது யார்? கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் அம்மாவிடம் யாரும் எதையும் கேட்கவில்லை. உடலைக் கொண்டுபோனார்கள். அந்த இளம் ஆண் எந்தக் காட்டில் பிறந்தது, எந்த வழியாக வந்தது, அதன் உடலிலிருந்து ஒரு துளி இரத்தமாவது ஆய்வுக்குப் போனதா என்று எங்கள் தோட்டத்துக்கு இன்றுவரை ஒரு வார்த்தையும் திரும்பி வரவில்லை. அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் இந்த மடலை எழுதுகிறேன்.

நான் லயத்தில், தோட்டத் தொழிலாளரின் வரிசை வீட்டில், பிறந்தவன். இப்போது தோட்டத்துப் பக்கத்துப் பாடசாலையில் உயர்தர வகுப்புக்கு உயிரியல் கற்பிக்கிறேன். அன்று அம்மா சொன்னதைப் பிறகு நூல்களில் தேடிப் பார்த்தேன். சிறுத்தையின் நடத்தையைப் பல நாடுகளில் ஆராய்ந்தவர்கள் எழுதியிருப்பது அதோடு அப்படியே பொருந்துகிறது. பெண் குட்டி வளர்ந்தால் பெரும்பாலும் தாயின் எல்லையை ஒட்டியே தன் இடத்தை அமைத்துக்கொள்ளும். ஆண் குட்டிக்கு அந்த வாய்ப்பு இல்லை. வயது வந்ததும் அது புறப்பட்டாக வேண்டும். மரங்களில் வேறோர் ஆணின் மூத்திர மணம் இல்லாத, கீறல் இல்லாத ஒரு காட்டைத் தேடி இரவிரவாக நடக்கும். பிறந்த காட்டின் மரபணுவை அடுத்த காட்டுக்குச் சுமந்து செல்வது இந்த நடைதான். அது போகிற வழி எங்கள் தேயிலை மலை. அந்த வழியில்தான் பன்றிக்குக் கட்டிய கம்பி காத்திருக்கிறது.

ஒரு சிறுத்தை செத்தது என்று செய்தியில் வருகிறது. உண்மையில் அறுந்தது இரண்டு காடுகளுக்கு இடையிலான உறவு.

மலையகத்தின் வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். 1873இல், தாவரவியலாளர் ஜோசப் ஹூக்கரின் வற்புறுத்தலால், 5,000 அடிக்கு மேலுள்ள காடுகளை வெட்டக்கூடாது என்று அன்றைய அரசு தடுத்தது. அதனால்தான் இன்றும் உச்சியில் காடு, கீழே தேயிலை என்று எங்கள் மலைகள் நிற்கின்றன. சிவனொளிபாத மலைக் காடும், ஹோர்டன் சமவெளியும், நக்கிள்ஸ் தொடரும் 2010இல் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தன. பெருமைதான். ஆனால் அந்தப் பெரிய காடுகளுக்கு வெளியே, ஒவ்வொரு தோட்டத்தின் தலையிலும் தொப்பி போல ஒரு காட்டுத்துண்டு இருக்கிறது. ஓடைக்கரைகளில் இன்னும் சின்னச் சின்னத் துண்டுகள். சிறுத்தைக்கு இவை எல்லாம் படிக்கல். படிக்கல்லுக்கும் படிக்கல்லுக்கும் நடுவே இருப்பது நாங்கள்: லயம், கோயில், பாடசாலை, மரக்கறித் தோட்டம், நாய்.

துண்டுகள் தனித்துப்போனால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்துப் பூமாக்கள் என்னும் பெரும்பூனைகள் சாட்சி. 1990களின் தொடக்கத்தில் அங்கே 20, 30 விலங்குகளே எஞ்சியிருந்தன. நெருங்கிய உறவுக்குள்ளேயே இனம் பெருகிப் பெருகி, வால்நுனி மடங்கியும் இதயத்தில் குறையோடும் குட்டிகள் பிறந்தன. பல ஆண்களுக்கு விரைகள் கீழே இறங்கவில்லை. 1995இல் டெக்சஸிலிருந்து 8 பெண் பூமாக்களைக் கொண்டுவந்து விட்ட பிறகுதான் அந்த இனம் மீண்டது. எங்கள் சிறுத்தைக்கு அந்தக் கதி வந்தால் எந்த டெக்சஸிலிருந்து கொண்டுவருவீர்கள்? இலங்கைச் சிறுத்தை இந்தத் தீவில் மட்டுமே வாழும் தனித் துணையினம். அது தனித்தது என்பதை மரபணு மூலம் காட்டிய 1996ஆம் ஆண்டு ஆய்வில் முன்னின்றவர் நம் நாட்டின் சிரியானி மித்தபால. வெளியிலிருந்து கடன் வாங்க இடமில்லாத செல்வம் இது. இருக்கும் துண்டுகளுக்குள் போக்குவரத்து நடந்தால்தான் உண்டு.

போக்குவரத்து நடக்கிறதா என்று அறிய ஒரு சிறுத்தையையும் பிடிக்க வேண்டியதில்லை. எச்சம் போதும். சிறுத்தை பாதையோரத்தில், கான் (தேயிலை மலையின் நீர்வடிகால்) கரையில், கண்ணுக்குத் தெரியும்படி எச்சமிட்டுப் போகும். அது எல்லையைச் சொல்லும் முறை. அந்த எச்சத்தின் மேற்பரப்பில் அதன் குடலிலிருந்து கழன்ற உயிரணுக்கள் ஒட்டியிருக்கின்றன. அவற்றின் டி.என்.ஏ. ஆணா பெண்ணா, எந்தத் தனி விலங்கு, யாருக்கு உறவு என்று சொல்லும். உள்ளே இருக்கும் மயிரும் எலும்பும் அது தின்றது மரையா, பன்றியா, எங்கள் லயத்து நாயா என்று சொல்லும். ஒரு காட்டுத்துண்டில் கிடைத்த எச்சத்தின் சொந்தக்காரனுக்கு அடுத்த துண்டில் ஒரு தங்கை இருந்தால், நடுவிலுள்ள தேயிலை வழி இன்னும் திறந்திருக்கிறது என்று பொருள். பத்து வருடம் பார்த்தும் இரண்டு பக்கத்துக்கும் உறவே இல்லையென்றால், எந்த இடத்தில் மரம் நட வேண்டும், எந்த ஓடைக்கரையை விட்டுவைக்க வேண்டும் என்று அந்தக் கணக்கே காட்டித்தரும்.

2020 மே மாதத்தை நினைவுபடுத்துகிறேன். நல்லதண்ணிப் பகுதியில் மரக்கறிப் பாத்தியருகே கட்டிய சுருக்கில் ஒரு கருஞ்சிறுத்தை சிக்கியது. உடவளவையிலுள்ள விலங்குச் சிகிச்சை நிலையத்துக்குக் கொண்டுபோய்ச் சிகிச்சை அளித்தும் சில நாட்களில் இறந்தது. நாடே அழுதது. அந்தச் செய்தியை நான் ஒவ்வொரு வருடமும் வகுப்பில் எடுக்கிறேன். சிறுத்தையின் கருமை பின்னிடைவான இயல்பு. தாயும் தகப்பனும் புள்ளிச் சிறுத்தைகளாக இருந்தாலும், இருவரும் அந்த மரபணுவின் ஒரு பிரதியை மறைவாகச் சுமந்தால், நான்கில் ஒரு பங்கு வாய்ப்பில் கரிய குட்டி பிறக்கும். கரிய குட்டி ஒன்று இருந்தது என்றால், அதைப் பெற்ற இருவருமே அந்த மரபணுவைச் சுமந்தவர்கள். புள்ளியோடு பிறந்த அதன் உடன்பிறப்புகளிலும் அது ஒளிந்திருக்கக்கூடும். கருஞ்சிறுத்தைக்காக அழுத நாம், அதே காட்டில் சுருக்கில் விழும் ஒவ்வொரு புள்ளிச் சிறுத்தைக்காகவும் அழ வேண்டும் என்று சொன்னபோது, பின்வரிசையில் இருந்த ஒரு மாணவி எழுந்து, "அப்படியென்றால் அந்தச் சிறுத்தையின் அம்மா இன்னும் அங்கே இருக்கலாமா, சேர்?" என்று கேட்டாள். என்னிடம் பதில் இல்லை. உங்களிடம் இருந்தால் தயவுசெய்து சொல்லுங்கள்.

இனி, கூண்டு வைப்பது பற்றி. லயத்துப் பக்கம் சிறுத்தை நடமாடினால் "பிடித்து வேறு காட்டில் விடுங்கள்" என்று கேட்பது எங்கள் ஆட்களே. பிள்ளைகள் விடியற்காலையில் இருட்டோடு பாடசாலைக்கு நடக்கும் ஊரில் அந்தப் பயம் நியாயமானது. ஆனால் மகாராஷ்டிரத்தின் ஜுன்னரில் அதைப் பெருமளவில் செய்து பார்த்தார்கள். இந்தியச் சூழலியலாளர் வித்யா ஆத்ரேயாவும் தோழர்களும் 2011இல் வெளியிட்ட ஆய்வின்படி, முன்பு வருடத்துக்குச் சராசரி 4 ஆக இருந்த, மனிதர் மீதான தாக்குதல்கள், இடம்மாற்றத் தொடங்கிய பின் 17 ஆகின. தெரியாத இடத்தில் விடப்பட்ட சிறுத்தை திரும்பி நடக்கும். போகும் வழியில் தனக்குப் பழக்கமில்லாத மனிதரைச் சந்திக்கும். ஊரறிந்த சிறுத்தையை எடுத்துவிட்டால் காலியான இடத்துக்கு ஊரறியாத ஒன்று வரும். கிழிந்த காதுத் தாய் எங்கள் மலையில் இத்தனை வருடம் இருக்கிறது. எங்களில் ஒருவரைக்கூடத் தொட்டதில்லை. அது எங்கள் நேரத்தை அறியும். பெரட்டு மணி அடித்தால் விலகிப்போகும். அதை அப்புறப்படுத்துவது எங்களுக்குப் பாதுகாப்பு அல்ல. நாய்களை இரவில் கட்டிவைக்க ஒரு கொட்டில், லயத்துப் பாதையில் நாலு விளக்கு, குப்பை அள்ள ஓர் ஏற்பாடு: பாதுகாப்பு என்பது இவைதான். இவற்றைச் செய்துதர வேண்டியவர்கள் முகாமையாளர்களே, நீங்கள்தான்.

குட்டிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். கவ்வாத்து வெட்டாமல் அடர்ந்து கிடக்கும் தேயிலைக்கடியில் தாய் குட்டி போடுகிறது. அது இரை தேடப் போன நேரத்தில் கொழுந்து பறிப்பவர்கள் கண்டு, தாயில்லாக் குட்டி என்று பரிதாபப்பட்டுத் தூக்கிவிடுகிறார்கள். தூக்கியது அன்பினால். ஆனால் தாய் இருட்டியதும் வரும். அந்த மலையில் இரண்டு நாள் கொழுந்து பறிக்காமல் விட்டால் தானே குட்டிகளை வாயில் கவ்வி வேறிடம் கொண்டுபோய்விடும். இந்த இரண்டு நாள் விடுப்புக்குச் சம்பளம் வெட்டப்படாது என்று பெரட்டுக்களத்தில் ஒரு முறை அறிவித்துப் பாருங்கள். குட்டியைக் கண்ட பெண் அதைத் தொடமாட்டாள், கூட்டத்தையும் கூட்டமாட்டாள்.

மலை மாறிக்கொண்டிருக்கிறது. மழை வரும் மாதம் மாறிவிட்டது. ஹோர்டன் சமவெளியில் முகில்காட்டு மரங்கள் நுனியிலிருந்து காய்ந்து சாகின்றன. கைவிடப்பட்ட தேயிலை மலைகள் பற்றையாகின்றன. பற்றையில் பன்றி பெருகுகிறது. பன்றி மரக்கறியை உழுகிறது. 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு இறைச்சி எங்கள் வீடுகளுக்கு எட்டாப் பொருள். கம்பி கட்டுகிறவன் சிறுத்தையின் எதிரி அல்ல. பயிரைக் காக்கவும் பிள்ளைக்கு ஒரு துண்டு இறைச்சி தரவும் வழி தேடுகிறவன். அவனுக்கு வேலி கொடுக்காமல் கைவிலங்கு மட்டும் மாட்டினால் கம்பி இன்னும் உள்ளே, இன்னும் மறைவான இடத்துக்குப் போகும். சட்டம் வேண்டாம் என்று சொல்லவில்லை. சட்டத்தோடு வேலியும் வர வேண்டும் என்கிறேன்.

சிறுத்தை மட்டும் அல்ல என்பதையும் இடையில் சொல்லிவிடுகிறேன். மூக்கில் கொம்புள்ள ஓணான்களில் ஒரு வகை நக்கிள்ஸில் மட்டுமே வாழ்கிறது. மத்திய மலைகளில் வாழ்வது வேறொரு வகை. வாற்பேத்தையாகாமல் முட்டையிலிருந்தே குட்டித் தவளையாக வெளிவரும் புதர்த்தவளைகளில் எத்தனை இனங்கள் உண்டு என்பது மரபணுவைப் பார்த்த பிறகே வெளிச்சத்துக்கு வந்தது. கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரிபவை ஒன்றல்ல. ஒரு மலையில் பிடித்ததை இன்னொரு மலையில் விடுவது கருணை என்று எண்ணுபவர்கள் இதை அறிய வேண்டும்.

நான் கேட்பது பெரிய காரியம் இல்லை. சுருக்கிலோ வீதியிலோ இறக்கும் ஒவ்வொரு சிறுத்தையிலிருந்தும் சிறு திசுத்துண்டு ஒன்று எடுக்கப்பட்டு, இடமும் தேதியும் எழுதி, ஒரே இடத்தில் சேமிக்கப்பட வேண்டும். அந்த உடல் எரிக்கப்படும்போது அதன் பரம்பரை முழுவதும் சேர்ந்து எரிகிறது. இரண்டாவது, ஒவ்வொரு தோட்டத்திலும் மலையை அறிந்த இரண்டு மூன்று பேருக்கு, பெண்களுக்கும், எச்சம் சேகரிக்கவும் அடையாளம் குறிக்கவும் முறையாகப் பயிற்சியும் அனுமதியும் அதற்கான கைக்காசும் தர வேண்டும். வெளியிலிருந்து வரும் ஆய்வாளர் மூன்று மாதம் நிற்பார். அம்மா நாற்பது வருடம் அதே தேயிலை நிரையில் நின்றவர்.

மூன்றாவதைத்தான் அழுத்திச் சொல்கிறேன். கண்டுபிடித்ததை எங்களுக்குத் தமிழில் சொல்லுங்கள். அறிவித்தல் பலகை சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் நிற்கிறது. அவசரத்துக்கு அழைத்தால் எங்கள் மொழி பேசுபவர் கிடைப்பது அரிது. ஆய்வறிக்கை நாங்கள் எட்டாத இதழில் வருகிறது. எங்கள் மலையில் கிடைத்த எச்சத்தின் முடிவு எங்கள் பெரட்டுக்களத்தில் ஒரு தாளில் ஒட்டப்பட்டால், "இந்த மலையில் இருப்பது தாயும் மகளும், மகனொருவன் கிழக்கே போயிருக்கிறான்" என்று நாலு வரி எழுதியிருந்தால், கம்பி கட்டும் கை ஒரு கணம் நிற்கும். முகமறியாத மிருகத்துக்குக் கட்டுவது வேறு. எல்லாருக்கும் தெரிந்த தாயின் மகனுக்குக் கட்டுவது வேறு.

எங்கள் பாடசாலை ஆய்வுகூடத்தில் பூட்டக்கூடிய ஓர் அலுமாரி இருக்கிறது. உயர்தர மாணவர்கள் பதினொரு பேர் சனிக்கிழமைகளில் வரத் தயார். அனுமதிக் கடிதமும், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் போட்ட இருபது போத்தல்களும் தாருங்கள். எந்தக் கான், எந்த நிரை, எத்தனை மணி என்று குறித்து, தைப் பொங்கலுக்குள் நிரப்பித் தருகிறோம். அம்மா ஓய்வுபெற்றுவிட்டார். கிழிந்த காதுத் தாயைக் கார்த்திகையில் கோயிலுக்கு மேலுள்ள பாறையில் கண்டதாகச் சொல்கிறார். கூட இரண்டு குட்டிகள் இருந்தனவாம். அவற்றில் ஆண் எத்தனை என்று அவருக்குத் தெரியவில்லை.

இப்படிக்கு,
ஹட்டன் மலைத்தோட்டமொன்றின் உயிரியல் ஆசிரியன்