முழுக்கைச் சட்டை

அன்பு மகளுக்கு,

ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் பேசிக்கொண்டிருந்தபோது, நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கக் கையைத் தூக்கினாய். சட்டைக் கை கொஞ்சம் மேலே ஏறியது. சட்டென்று கீழே இழுத்துவிட்டுக்கொண்டாய். அம்மா கவனிக்கவில்லை, நான் பார்த்துவிட்டேன். மணிக்கட்டுக்கு மேலே குறுக்காக ஒரு கோடு, சிவந்து, ஓரம் கறுத்து. நீ வேலை பார்க்கும் துரித உணவுக் கடையில், கொதிக்கும் எண்ணெயில் உருளைக்கிழங்கு பொரிக்கும் ஃப்ரையர் கூடையின் விளிம்பு பட்ட காயம் அது.

அப்பாவுக்கு எப்படித் தெரியும் என்று யோசிப்பாய். என் இடது கையிலும் ஏறக்குறைய அதே இடத்தில் அதே கோடு இருக்கிறது. சின்ன வயதில் அதை விரலால் தடவி "இது என்னப்பா?" என்று கேட்பாய். இஸ்திரிப் பெட்டி சுட்டது என்று சொல்லிவைத்தேன். பொய்தான் அது.

கல்லூரியில் படித்த மூன்று வருடமும் நானும் ஒரு துரித உணவுக் கடையில் வேலை பார்த்தேன். வீட்டில் ட்யூஷன் எடுப்பதாகச் சொல்லியிருந்தேன். பிள்ளை அடுத்தவர் சாப்பிட்ட மேஜையைத் துடைக்கிறான் என்று தெரிந்தால் உன் தாத்தா உடைந்துபோவார் என்று பயம். அவர் போன பிறகும் அந்தப் பொய்யைக் கலைக்க எனக்கு மனம் வரவில்லை. அம்மாவுக்கே நேற்று ராத்திரிதான் சொன்னேன். ஒன்றும் பேசாமல் என் கையைப் பிடித்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

நீ வேலையை மறைக்கவில்லை, கஷ்டத்தைத்தான் மறைக்கிறாய். "கவுண்டரில் நின்று ஆர்டர் வாங்குவதுதான் அப்பா, ஈஸி" என்றாய். அந்த வேலை ஈஸி இல்லை என்று தெரிந்த ஒருவன் உனக்கு வீட்டிலேயே இருக்கிறான் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

முதலில் காயம். அது பட்டதும் என்ன செய்தாய்? நான் செய்த தப்பை நீ செய்திருக்கக் கூடாது. கடை ரஷ்ஷாக இருந்தது, யாரிடமும் சொல்லாமல் ஐஸ் கட்டியை வைத்து அழுத்திக்கொண்டு வேலையைத் தொடர்ந்தேன். யாரோ சொன்னார்கள் என்று பற்பசை வேறு தடவினேன். அதனால்தான் இத்தனை வருடமாகத் தழும்பு போகவில்லை என்று நினைக்கிறேன். இனி ஒருமுறை பட்டால் உடனே குழாயைத் திறந்து, ஓடும் குளிர்ந்த தண்ணீரில் 20 நிமிடம் கையைக் காட்டு. 20 நிமிடம் என்பது ஷிப்ட்டில் எவ்வளவு பெரிய நேரம் என்று எனக்குத் தெரியும். வரிசை வாசல் வரைக்கும் நிற்கும், மேனேஜர் முகம் மாறும். பரவாயில்லை, காட்டு. ஐஸ், வெண்ணெய், பற்பசை எதுவும் வேண்டாம். மோதிரம், வாட்ச் இருந்தால் வீங்குவதற்கு முன் கழற்றிவிடு. காயம் உன் உள்ளங்கையைவிடப் பெரிதாக இருந்தால் டாக்டரிடம் போ. கடையில் விபத்துப் பதிவேடு இருந்தால் அதில் எழுதவும் சொல். எழுதாமல் விட்டால் நடக்காதது போலாகிவிடும்.

ஃப்ரையரில் இருக்கும் எண்ணெய் 175 டிகிரி செல்சியஸை ஒட்டி இருக்கும். தண்ணீர் கொதிப்பது 100 டிகிரியில். அதனால்தான் உறைந்த உருளைக்கிழங்கில் ஒட்டியிருக்கும் ஐஸ் துகள் உள்ளே விழுந்ததும் ஒரே நொடியில் ஆவியாகி எண்ணெயைத் தெறிக்கவிடுகிறது. கூடையை எண்ணெய்க்கு மேலே வைத்து நிரப்பாதே, தள்ளி வைத்து நிரப்பி, துகளை உதறிவிட்டு மெதுவாக இறக்கு. எண்ணெய் என்றாவது தீப்பிடித்தால் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட ஊற்றக் கூடாது. சூட்டை அணைத்துவிட்டு விலகு. சமையல் எண்ணெய்த் தீக்கென்று தனி அணைப்பான் இருக்கும். உன் கடையில் அது எந்த மூலையில் மாட்டியிருக்கிறது என்று நாளைக்கே பார்த்து வை.

சரி, பயமுறுத்தியது போதும்.

ரஷ் நேரத்தில் உனக்கு இன்னும் மூச்சு முட்டுகிறதா? முதல் ஒரு மாதம் நான் தினமும் வேலையை விட்டுவிட நினைத்தேன். ஒரு பக்கம் டைமர் கத்தும், இன்னொரு பக்கம் திரையில் ஆர்டர் வரிசையாக ஏறும், பன் டோஸ்டரும் அதன் பங்குக்குக் கத்தும். காதில் ஹெட்செட்டில், காரில் இருந்தபடியே வாங்கும் டிரைவ்-த்ரூ ஆள் ஒன்று சொல்ல, எதிரே நிற்பவர் வேறொன்று சொல்வார். எந்தக் குரலுக்கு முதலில் திரும்புவது என்று தெரியாமல் நின்றிருக்கிறேன். வீட்டுக்கு வந்து தூங்கினாலும் கனவில் அந்த பீப் சத்தம். உனக்கும் கேட்கிறது என்றால் உனக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைக்காதே. எனக்கு இரண்டாவது மாதத்தில் நின்றுவிட்டது.

அப்புறம் ஒரு சனிக்கிழமை வந்தது. அதை மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும். கிரில்லில் ஒரு பையன், பர்கரை அடுக்கிப் பெட்டியில் வைக்கும் அசெம்பிளியில் நான், ஃப்ரையரில் ஓர் அக்கா, முன்னால் இரண்டு பேர். ஏதோ ஆட்டம் முடிந்து கூட்டம் மொத்தமாக உள்ளே வந்துவிட்டது. வழக்கமாக ஒருவரை ஒருவர் கத்திக்கொள்வோம், அன்றைக்கு யாரும் கத்தவில்லை. நான் கையை நீட்டும்போது பர்கருக்குள் வைக்கும் இறைச்சி வில்லை அங்கே இருந்தது. நான் பெட்டியை மூடும்போது பக்கத்தில் உருளைக்கிழங்கு வந்து நின்றது. முதுகுக்குப் பின்னால் யார் எந்தப் பக்கம் போகிறார்கள் என்று திரும்பிப் பார்க்காமலே தெரிந்தது. கூட்டம் கலைந்த பிறகு கடிகாரத்தைப் பார்த்தால் இரண்டு மணி நேரம் ஓடியிருந்தது. ஐந்து பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தோம். அந்தச் சிரிப்புக்கு ஈடான ஒன்று, பிறகு பார்த்த அலுவலக வேலைகளில் எனக்குக் கிடைக்கவே இல்லை.

நீ நிற்கும் அந்தச் சமையலறையின் வடிவம் எங்கிருந்து வந்தது தெரியுமா? 1948-ல் மெக்டொனால்ட் சகோதரர்கள் கலிபோர்னியாவில் நன்றாக ஓடிக்கொண்டிருந்த தங்கள் கடையை மூன்று மாதம் மூடினார்கள். 25 வகை இருந்த பட்டியலை ஒன்பதாகக் குறைத்து, ஓர் ஆளுக்கு ஒரு வேலை என்று பிரித்துத் திறந்தார்கள். சில வருடம் கழித்துப் புதுக் கடை கட்டும்போது, வீட்டு டென்னிஸ் மைதானத்தில் சமையலறையைச் சாக்பீஸால் வரைந்து, ஊழியர்களை அழைத்து அதன் மேல் வேலை செய்வதுபோல நடக்கச் சொன்னார்களாம். அவர்கள் கால் எங்கே இடித்ததோ அங்கே கோட்டை அழித்து மாற்றி வரைந்தார்களாம். பேர் தெரியாத சில க்ரூ ஆட்களின், அதாவது கடை ஊழியர்களின், காலடிதான் அந்த வரைபடம். இதைப் படித்த அன்று எனக்குத் தொண்டை அடைத்தது. யோசிக்கத் தெரியாதவர்கள் செய்யும் வேலை என்று யாராவது உன்னிடம் சொன்னால் இதை நினைத்துக்கொள்.

வாடிக்கையாளர்கள் விஷயம். ஒருநாள் ஒருவருடைய பையில் ஒரு பொருள் விடுபட்டுவிட்டது. பையில் போட்டது நான் இல்லை, கவுண்டரில் நின்றது நான். அவர் பையை என் மேல் எறிந்து, படிக்காதவன்தானே, இதுதான் உனக்கு வரும் என்றார். மறுநாள் எனக்குப் பரீட்சை. மன்னிப்புக் கேட்டு, புதிதாக எடுத்துக் கொடுத்துவிட்டு, வாக்-இன் ஃப்ரீசருக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். உள்ளே மைனஸ் 18 டிகிரி. கண்ணீர் கன்னத்திலேயே சில்லிட்டது. ஃப்ரையர் அக்கா கதவைத் திறந்து, "ரெண்டு நிமிஷம் ஆச்சு, போதும் வா. நானும் இங்கதான் அழுவேன்" என்றார். வெளியே வந்ததும் என்னைக் கேட்காமலே கவுண்டருக்கு அவர் போய், என்னை ஃப்ரையரில் நிற்கவைத்தார். உன் கடையிலும் அப்படி ஒருவர் இருப்பார். இன்னும் அடையாளம் தெரியவில்லை என்றால் தேடிக் கண்டுபிடி. பிறகு புதிதாக வரும் பிள்ளைக்கு நீ அப்படி இரு.

உடம்பைப் பற்றி நான் நச்சரிக்கத்தான் போகிறேன். வழுக்காத ஷூ வாங்கு, விலையைப் பார்க்காதே, பணம் நான் அனுப்புகிறேன். எட்டு மணி நேரம் அந்தத் தரையில் நின்றால் குதிகால் முதலில் வலிக்கும், பிறகு இடுப்பு. பிரேக்கில் போனைப் பார்க்காமல் ஷூவைக் கழற்றிவிட்டுக் காலைத் தூக்கி வைத்துக்கொள். தண்ணீர் குடி. பாத்ரூம் போக வேண்டியிருக்கும் என்று குடிக்காமல் இருக்காதே, நான் அப்படி இருந்து அவதிப்பட்டிருக்கிறேன். குளோஸிங் ஷிப்ட் முடித்து, மாப் போட்டு, எண்ணெய் வடிகட்டி நடு இரவு தாண்டி வீட்டுக்கு வருபவளை மறுநாள் விடியற்காலை ஓப்பனிங்குக்குப் போட்டால், முடியாது என்று சொல்லலாம். அமைதியாக, இரண்டு நாள் முன்னாலேயே சொல். என்னால் அப்போது சொல்ல முடியவில்லை. ஒரு பருவத்தில் இரண்டு பாடம் போனது அப்படித்தான்.

ஒரு சின்ன நோட்டு வைத்துக்கொள். உள்ளே போன நேரம், வெளியே வந்த நேரம், பிரேக் எடுத்த நேரம் மூன்றையும் அன்றன்றே எழுது. எனக்கு ஒருமுறை பதினொரு மணி நேரக் கூலி விடுபட்டது. நோட்டு இல்லாததால் வாயடைத்து நின்றேன். 2012 நவம்பர் 29 அன்று நியூயார்க்கில் துரித உணவுக் கடை ஊழியர்கள் வேலையை நிறுத்திவிட்டு, கூலி உயர்வும் சங்கம் வைக்கும் உரிமையும் கேட்டுத் தெருவில் நின்றார்கள் என்ற செய்தியைப் படித்தபோது, அந்தப் பதினொரு மணி நேரம்தான் எனக்கு ஞாபகம் வந்தது. கேட்பதில் வெட்கம் இல்லை, கண்ணு.

இத்தனை சொல்லிவிட்டு அந்த வேலை எனக்கு என்ன கொடுத்தது என்று சொல்லாமல் போனால் தப்பு. நம் ஃப்ரிட்ஜில் ஒவ்வொரு டப்பாவிலும் நான் தேதி எழுதி ஒட்டுவதைப் பார்த்து நீயும் அம்மாவும் கிண்டல் செய்வீர்களே, அது அங்கே வந்த பழக்கம். கோழியின் நடுவில் தெர்மாமீட்டரைக் குத்தி 74 டிகிரி வந்ததா என்று பார்த்துத்தான் வெளியே விடுவோம். ஒருநாள் ஒரு குட்டிப் பையன் முழங்காலிட்டு நாற்காலியில் ஏறி, நான் கொடுத்த பர்கரை இரண்டு கையாலும் பிடித்துக் கடித்தான். அவன் அம்மா அதைத் திறந்துகூடப் பார்க்காமல் கொடுத்திருந்தாள். முன்பின் தெரியாத என் கையை அவ்வளவு நம்பியிருக்கிறாள் என்று அப்போதுதான் உறைத்தது. அதற்குப் பிறகு கையைக் கழுவும்போது நான் அவசரப்பட்டதே இல்லை. முதல் சம்பளத்தில் பாட்டிக்கு ஒரு கண்ணாடி வாங்கிக் கொடுத்தேன். ட்யூஷன் பணம் என்றுதான் சொன்னேன். அது மட்டும் இன்றைக்கும் உறுத்துகிறது. உண்மையைச் சொல்லியிருந்தால் அவர் இன்னும் சந்தோஷமாகப் போட்டுக்கொண்டிருப்பார்.

நீ அங்கே எத்தனை நாள் இருப்பாய் என்று நான் கேட்கப் போவதில்லை. சார்லி பெல் என்று ஒருவர், 15 வயதில் சிட்னியில் ஒரு மெக்டொனால்ட்ஸ் கடையில் பகுதி நேர க்ரூவாகச் சேர்ந்து, 2004-ல் அந்த நிறுவனத்துக்கே தலைவரானார். நான் மூன்று வருடத்தில் வெளியே வந்தேன். ஃப்ரையர் அக்கா நான் வரும்போதும் இருந்தார், போகும்போதும் இருந்தார், அவர் அளவுக்குக் கூடை இறக்கத் தெரிந்தவரை நான் பார்த்ததில்லை. உனக்கு எது சரியோ அதைச் செய்.

வருகிற ஞாயிறு கூப்பிடும்போது அரைக்கைச் சட்டை போட்டுக்கொள். நானும் போட்டுக்கொள்கிறேன். அம்மாவுக்கு இரண்டு கையையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டுமாம்.

அன்புடன்,
அப்பா