நேரில் பேசத் தயங்கும் முதலாளிகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காரைக்குடி, தேவகோட்டை, புதுவயல் வட்டாரத்தில் ஜவுளிக்கடைகள், அரிசி ஆலைகள், பழைய வீடுகளை விடுதியாக்கி நடத்துவோர் எனப் பலருக்கும் கணக்கு எழுதிக் கொடுப்பது என் தொழில். கணக்கெழுதப் போகிறவனிடம் முதலாளியும் மனம்விட்டுப் பேசுவார், வேலையாட்களும் பேசுவார்கள். அவர்கள் தங்களுக்குள் பேசித் தீர்க்க வேண்டியவற்றையெல்லாம் என்னிடம் சொல்லிவிட்டுப் போவது பல நாளாக எனக்கு உறுத்தலாக இருக்கிறது. நல்ல ஆள் நிலைப்பதில்லை என்று நம் பகுதியில் எழும் புலம்பலுக்கு ஓரளவேனும் காரணம், மனத்தாங்கல் உள்ள ஊழியரை அழைத்து உட்காரவைத்து நேரடியாகப் பேசத் தலைமைப் பொறுப்பில் இருப்பவர்கள் தயங்குவதுதான் என்று நான் கருதுகிறேன்.

இந்தத் தயக்கம் மிகுதியாகத் தெரிவது, தந்தையிடமிருந்து மகனோ மகளோ தொழிலை ஏற்கும்போது. வெளியூரில் படித்து, வேலைபார்த்துத் திரும்பும் புதிய முதலாளி கணக்கைக் கணினிக்கு மாற்றுகிறார். கடனுக்கு வரம்பு வைக்கிறார். சரக்கு இருப்பை மாதந்தோறும் எண்ணச் சொல்கிறார். அப்பா காலத்திலிருந்து கல்லாவைப் பார்த்துவரும் பெரியவரோ, 'தம்பி' என்று அழைத்துத் தூக்கி வளர்த்த பிள்ளையிடம் உத்தரவு வாங்க மனம் ஒப்பாமல், தெரிந்த வாடிக்கையாளர்களுக்குத் துண்டுச்சீட்டிலேயே கடன் எழுதிக்கொண்டிருப்பார். வயதில் மூத்தவரை நிறுத்திவைத்துக் கேட்பது மரியாதையாகாது என்று எண்ணும் முதலாளி, அவருக்கு மேலே வெளியாள் ஒருவரை மேலாளராகக் கொண்டுவருகிறார், அல்லது பீரோ சாவியை வேறொருவரிடம் மாற்றிக் கொடுக்கிறார், அதுவும் முடியாவிட்டால் 'இனி யாரும் கைச்சீட்டு எழுதக் கூடாது' என்று கடையின் வாட்ஸ்அப் குழுவில் பொதுவாக ஒரு செய்தி போடுகிறார். அது யாருக்குச் சொன்னது என்பது தேநீர் வாங்கப் போகும் பையனுக்குக்கூடத் தெரியும். மரியாதை கருதித் தனியாகச் சொல்லாமல் விட்ட சொல், கடைசியில் கடை முழுவதும் பார்த்திருக்க அவமானமாகவே அந்தப் பெரியவரிடம் போய்ச் சேருகிறது.

நான் அறிந்த ஓரிடத்தில் இப்படி ஓராண்டுக்கு மேல் முகம் கொடுக்காமலே இருவரும் காலம் தள்ளினார்கள். பிறகு ஒருநாள் முதலாளியே கடையடைத்தபின் பெரியவரோடு உட்கார்ந்து கேட்டபோது, திரையில் எழுத்து சிறிதாக இருப்பதால் தனக்குப் படிக்க வரவில்லை என்பதும், அதைச் சின்னப் பிள்ளைகள் முன் சொல்லக் கூசியே கைச்சீட்டை விடாமல் இருந்தார் என்பதும் தெரியவந்தன. எழுத்தைப் பெரிதாக்கிக் கொடுத்தார்கள். யாருக்கு எவ்வளவு கடன் தரலாம், யார் சொன்ன நாளில் கொண்டுவந்து கட்டுவார் என்பதில் அவருக்கிருந்த பழுத்த அறிவும் அதன்பிறகுதான் கடைக்குப் பயன்பட்டது. எல்லா இடத்திலும் இப்படி நல்லபடியாக முடியும் என்று நான் சொல்லமாட்டேன். கேட்காமல் எதுவும் தெரியாது என்பது மட்டும் உறுதி.

நம் ஊர்ப் பழைய தொழில்முறை இதில் தெளிவாக இருந்தது. பர்மாவிலும் மலேயாவிலும் இலங்கையிலும் லேவாதேவி, அதாவது வட்டிக்குக் கடன் கொடுக்கும் தொழில், நடத்திய நகரத்தார் நிறுவனங்களில் முதலாளி பெரும்பாலும் செட்டிநாட்டில் இருப்பார். கடல் கடந்த ஊரில், தொழிலும் தங்கலும் ஒன்றாக நடக்கும் கிட்டங்கியில், அவருக்காகத் தொழிலை நடத்துபவர் மேலாள். அவருக்குக் கீழே அடுத்தாள், பெட்டியடிப் பையன் என்று வரிசை இருந்தது. சம்பளச்சீட்டு என்னும் வேலை ஒப்பந்தம் எழுதிக்கொண்டு, வழக்கமாக மூன்றாண்டுத் தவணைக்கு ஆள் அனுப்பினார்கள். என்ன வேலை, என்ன சம்பளம், யாருக்குப் பதில் சொல்ல வேண்டும் என்பதெல்லாம் கப்பல் ஏறுமுன்பே தெளிவு. இடையில் கடல் இருந்ததால், குறையோ நிறையோ கடிதத்தில் ஒளிவுமறைவில்லாமல் எழுதியாக வேண்டிய கட்டாயமும் இருந்தது. இன்று ஒரே கூரையின் கீழ், பத்தடி தூரத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் மூன்றாமவர் வழியாகப் பேசிக்கொள்கிறார்கள். அந்தக் காலம் பொற்காலம் என்று சொல்ல வரவில்லை. பெண்டு பிள்ளைகளைப் பிரிந்து இருந்தவர்களின் வருத்தம் எந்தப் பேரேட்டிலும் ஏறவில்லை.

இன்னொரு வகை ஊழியர் உண்டு. விற்பனையில் கெட்டிக்காரர், கூட்டத்தைச் சமாளிப்பார், சரக்கு எங்கே இருக்கிறதென்று இருட்டிலும் சொல்வார். ஆனால் தனக்குக் கீழே உள்ளவர்களை, குறிப்பாகப் புதிதாக வரும் பெண்களை, வாயில் வந்தபடி பேசுவார். கடை ஊழியர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-இல் தமிழக அரசு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்திய பிறகும், நாற்காலி போட்டிருந்தும் உட்காரப் பயந்து நிற்கும் பெண்களைப் பார்த்திருக்கிறேன். பயம் முதலாளியிடம் இல்லை, இந்த மேற்பார்வையாளரிடம்தான். 'அவர் போய்விட்டால் கடை ஓடாதே' என்பது முதலாளி சொல்லும் காரணம். ஓராண்டில் எத்தனை பேர் சொல்லாமல் நின்றுபோனார்கள், ஒவ்வொரு முறையும் புதியவருக்கு வேலை பழக்க எத்தனை நாள் ஆயிற்று என்று சம்பளப் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தால், அந்தக் கெட்டிக்காரரால் வந்த வரவோடு செலவும் சேர்ந்தே தெரியும். அவரிடம் பேசும்போது 'உங்கள் குணமே சரியில்லை' என்று தொடங்குவதில் பயனில்லை. நேற்று மாலை இன்னாரிடம் இன்ன சொல் சொன்னீர்கள், அது இங்கே கூடாது என்று நடந்ததைத் தனியறையில் சொல்லி, அவர் தரப்பையும் கேட்டு, இருவரும் ஒப்புக்கொண்டதை ஒரு நோட்டில் குறித்துவைத்து, அடுத்த மாதம் மறக்காமல் மறுபடி அழைத்துக் கேட்பதுதான் வேலைக்கு ஆகும்.

முன்பணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். திருமணத்துக்கும் மருத்துவத்துக்கும் கொடுக்கும் அட்வான்ஸ் நல்ல மனத்தோடு கொடுப்பதுதான். ஆனால் அது தீராமல் நிற்கும்போது, போகச் சொல்ல முதலாளியால் முடிவதில்லை, விலகிப்போகத் தொழிலாளியாலும் முடிவதில்லை. உள்ளபடி பேச இருவருக்கும் வாய் வருவதில்லை. மாதப் பிடித்தம் இவ்வளவு என்று பணம் கொடுக்கும் நாளிலேயே எழுதிக்கொண்டால் இந்தச் சங்கடத்தில் பாதி குறையும்.

பேசித் தீர்க்கக் கூடாதவையும் உண்டு. பெண்ணிடம் தவறாக நடப்பதை 'மனத்தாங்கல்' என்று பெயரிட்டுச் சமாதானம் செய்துவைப்பது தலைமைப் பண்பாகாது, சட்டமீறலாகும். பணியிடத்தில் பெண்களுக்கு எதிரான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி 10 பேரோ அதற்கு மேலோ வேலைபார்க்கும் இடத்தில், இத்தகைய புகாரை விசாரிக்கும் உள்ளகக் குழு இருக்க வேண்டும். அதற்குக் குறைந்த இடங்களில் இருப்பவர்கள் மாவட்ட அளவிலுள்ள உள்ளூர்க் குழுவிடம் புகார் தரலாம். இதுபோலவே, 20 தொழிலாளர்களோ அதற்கு மேலோ உள்ள தொழில் நிறுவனங்களில் இரு தரப்பினரும் சம எண்ணிக்கையில் அமரும் குறைதீர்க்கும் குழுவைத் தொழிலாளர் சட்டம் கேட்கிறது. நான் போய்வரும் இடங்களில் பெயரளவில்கூட இவற்றைக் காண்பது அரிது.

நம் வட்டார வணிகர் சங்கங்கள் ஜிஎஸ்டிக்கும் தராசு முத்திரைக்கும் கூட்டம் போடுவதுபோல இதற்கும் ஒரு கூட்டம் போடலாம். முதலாளிகளோடு மேற்பார்வையாளர்களையும் அழைக்க வேண்டும். மேலாண்மைப் படிப்பு நடத்தும் அழகப்பா பல்கலைக்கழகத்தாரிடம், பெரிய நிறுவனங்களின் பாடத்தை விட்டு, பதினைந்து பேர் வேலைபார்க்கும் கடையின் சிக்கல்களைப் பேசச் சொல்லிக் கேட்க வேண்டும். தீபாவளி வியாபாரத்துக்குக் கடைகள் புதிய ஆள் எடுக்கத் தொடங்குமுன் அது நடந்தால் நல்லது.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
தேவகோட்டை.