அந்தப் பக்கம் போனால் குறி ஏன் மாறுகிறது?

ஆசிரியருக்கு வணக்கம்.

பிள்ளைகள் கணக்கில் சந்தேகம் கேட்டு வந்தால் நம்மில் பலர் நோட்டை வாங்கி விடையைப் போட்டுக் கொடுத்துவிடுகிறோம். அன்றைய வீட்டுப்பாடம் முடியும், சந்தேகம் அப்படியே இருக்கும்.

8 + 4 = ? + 5 என்று எழுதி, கேள்விக்குறி இருக்கும் இடத்தில் என்ன வரும் என்று கேட்டுப் பாருங்கள். 12 என்று சொல்லும் பிள்ளைகள் ஏராளம், எல்லாவற்றையும் கூட்டி 17 என்பவர்களும் உண்டு. வர வேண்டியது 7. கூட்டத் தெரியாததால் வரும் தவறு இல்லை இது. சின்ன வகுப்பிலிருந்து சமக்குறிக்கு வலப்பக்கம் விடை மட்டுமே இருந்து பார்த்ததால், 'இனி விடையை எழுது' என்பதுதான் அந்தக் குறி என்று மனதில் பதிந்துவிடுகிறது. 1557இல் வேல்ஸைச் சேர்ந்த கணித அறிஞர் ராபர்ட் ரெக்கார்டு இந்தக் குறியை அறிமுகப்படுத்தியபோது ஒரே நீளமுள்ள இரண்டு இணைகோடுகளைப் போட்டதற்குக் காரணமே, அதைவிடச் சமமாக எந்த இரண்டும் இருக்க முடியாது என்பதுதான். இதைப் பிள்ளைகளிடம் யாராவது சொல்கிறோமா?

அப்புறம் இயற்கணிதம் வந்ததும், 'அந்தப் பக்கம் போனால் பிளஸ் மைனஸ் ஆகும்' என்று ஒரு குறுக்குவழியைக் கொடுக்கிறோம். எக்ஸ் + 3 = 12 என்றால் 9, சரிதான்; ஆனால் அங்கே நடப்பது இருபுறமும் 3ஐக் கழிப்பது என்று சொல்வதில்லை. அதே பிள்ளை 3 எக்ஸ் = 12 என்பதிலும் 3ஐ அந்தப் பக்கம் அனுப்பி, கழித்து, 9 என்று எழுதினால் கோபப்படுகிறோம். நாம் சொன்னதைத்தானே செய்தது! இருபுறமும் 3ஆல் வகுக்கிறோம், அதனால் 4 என்று காட்டி, அந்த 4ஐ மறுபடி போட்டு 3 × 4 = 12 வருகிறதா என்று பார்க்கச் சொன்னால், விடை சரியா என்று தெரிந்துகொள்ள அந்தப் பிள்ளைக்கு இன்னொருவர் தேவையே இல்லை.

பின்னமும் இப்படித்தான். 1/2 + 1/3 = 2/5 என்று ஒரு பிள்ளை எழுதினால் உடனே தவறு என்று அடித்துவிடாமல், 2/5 அரையைவிடப் பெரிதா சிறிதா என்று கேளுங்கள். அரையோடு இன்னும் கொஞ்சம் கூட்டிய பிறகு எப்படிக் குறைந்தது என்று அதுவே யோசிக்கும்.

உங்கள் மாணவர் பக்கத்தில் கணக்குகள் வெளியிடும்போது ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் இருபுறமும் என்ன செய்தோம் என்பதையும், பிள்ளைகள் வழக்கமாக எழுதும் தவறான விடை எப்படி வருகிறது என்பதையும் சேர்த்துப் போடுங்கள். இடம் போதாவிட்டால் கணக்குகளின் எண்ணிக்கையைக் குறைத்தாலும் பரவாயில்லை.

இப்படிக்கு,
ஒரு வாசகர்