தணலில் வேகும் விலாவுக்கும் ஒரு கட்டம் போடுங்கள்

பார்பிக்யூ உணவகங்களுக்குத் தரவரிசை போடும் நடுவர் குழுவினருக்கு,

வணக்கம்.

அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரில் உள்ள சார்லி வெர்கோஸ் ராண்டேவூ உணவகத்தை உங்கள் புதிய பட்டியலில் தேடினால், வரிசைக்கு வெளியே, “சுற்றுலாப் பயணிகள் போகுமிடம்” என்ற பெட்டிக்குள் கிடக்கிறது. காரணமும் கொடுத்திருக்கிறீர்கள்: அது பார்பிக்யூ அல்லவாம், கரியில் சுட்ட பன்றி விலாக்கறியாம். கரியில் சுட்டதுதான். அந்தக் கடை அதை ஒருநாளும் மறைத்ததில்லை. கேட்பது ஒன்றே ஒன்று: நேர்த்தணலில், அதாவது தணலுக்கு நேர் மேலே, வேகும் விலாவுக்கு உங்கள் மதிப்பெண் படிவத்தில் தனிப் பிரிவு வையுங்கள். முடியாதென்றால், “குறைந்த சூடு, நீண்ட நேரம்” என்று புகையில் மெல்ல வேகவைத்ததை மட்டும் பார்பிக்யூவாக ஏற்கும் தகுதி விதியை விலாவுக்கு மட்டுமாவது தளர்த்துங்கள்.

வரலாறு உங்களுக்குத் தெரியும். கிரேக்கத்திலிருந்து குடியேறியவரின் மகன் சார்லி வெர்கோஸ் 1948-இல் ஒரு சந்துக்குள் நிலவறையில் தொடங்கிய கடை. ஆரம்பத்தில் ஹாமும் சீஸும் வைத்த சாண்ட்விச்தான். குப்பையை அள்ளியபோது கட்டடத்துக்குக் கரி இறக்கிய பழைய சரிவுக் குழாய் அகப்பட்டது, அதுவே புகைபோக்கியானது. விறகை எரித்து இரவு முழுக்கப் புகையூட்ட அந்த நிலவறையில் ஏது இடம்? இருந்த புகைவழிக்கு ஏற்ற அடுப்பு அமைந்தது, அடுப்புக்கு ஏற்ற சமையல் அமைந்தது. கிரேக்க வீட்டுப் பூண்டும் ஓரிகனோ என்ற மணமூட்டும் இலையும் மசாலாவுக்குள் வந்தன. பப்ரிகா என்ற செந்நிற மிளகாய்த் தூள் நிறத்துக்காகப் பின்னால் சேர்ந்தது.

இப்போது அடுப்படிக்கு வாருங்கள். தணலுக்கு மேலே சுமார் 18 அங்குல உயரத்தில் கம்பி. அதில் பன்றியின் முதுகுப்பக்க விலா, ஏறக்குறைய ஒன்றேகால் மணி நேரம். முதலில் எலும்புப் பக்கம் தணலைப் பார்க்க வேண்டும், அப்போதுதான் எலும்பு சூட்டை வாங்கிக்கொண்டு சதையைக் காக்கும். கொழுப்பு சொட்டும் இடத்தில் தீ நாக்கு எழும். அதைப் பார்த்ததும் விலாவை நகர்த்தாவிட்டால் புகைக்கரி படிந்து கசக்கும். கரி வெண்சாம்பல் பூக்குமுன் இறைச்சியை ஏற்றினாலும் அதே கசப்புதான். வினிகரும் தண்ணீரும் மசாலாவும் கலந்த நீரைத் தடவுவது காய்ந்துபோகாமல் இருக்க. இறக்கியபின் தூவும் உலர் மசாலா ஒட்டிக்கொள்ளவும் அந்த ஈரம் வேண்டும். முன்கூட்டியே அப்பினால் பப்ரிகா கருகும், சர்க்கரை சேர்ந்த மசாலாவென்றால் இன்னும் மோசம். வெப்பமானியைச் செருகிவிட்டுத் தூங்கப் போகிற வேலையா இது?

உங்கள் குறிப்பால் வரும் கஷ்டம் இந்த அடுப்படியில்தான் விழுகிறது. பட்டியலைப் படித்துவிட்டு வருகிறவர் புகையடுப்பு விலாவோடு ஒப்பிட்டு, “எலும்பிலிருந்து கழன்று விழவில்லையே” என்று தட்டைத் திருப்பி அனுப்புகிறார். மூடிய புகையடுப்பில் இன்னும் அரை மணி நேரம் விட்டால் இறைச்சி மிருதுவாகலாம். திறந்த தணலில் இருபது நிமிடம் கூடினாலே போதும், கொழுப்பு ஒழுகித் தீர்ந்து, சதை சுருங்கி, எலும்பு நுனி வெளியே நீட்டி, மரப்பட்டைபோல் ஆகிவிடும். சொன்னபடி செய்தால் கறி கெடும், செய்யாவிட்டால் வாடிக்கையாளர் முகம் சுளிப்பார். இரண்டுக்கும் பழி அடுப்படியில் நிற்பவருக்கு. இத்தனைக்கும், போட்டிகளில் விலா கழன்று விழுந்தால் அளவுக்கு மீறி வெந்தது என்று மதிப்பெண் குறைப்பதே உங்கள் ஆட்கள்தான். கடித்த இடத்தில் பல் தடம் சுத்தமாக நிற்க வேண்டும் என்று அங்கே சொல்கிறீர்கள்; அதையே பட்டியலிலும் ஒரு வரி எழுதக்கூடாதா?

நேரக் கணக்கும் பொருந்தவில்லை. ஐந்தாறு கிலோ மாட்டு நெஞ்சுக்கறியிலும் பன்றித் தோள்கறியிலும் இணைப்புத் திசு ஏராளம். அது கரைந்து ஜெலட்டினாக மணிக்கணக்கு வேண்டும். முதுகுப்பக்க விலாவோ ஒரு கிலோவைச் சுற்றி நிற்கிற மெல்லிய பாளம். அதற்குப் பன்னிரண்டு மணி நேரத் தகுதி கேட்பது என்ன நியாயம்?

எரிவாயுவில் எரிந்து, தானே சூட்டைக் கட்டுப்படுத்தி, தானே சுழலும் எஃகுப் புகையலமாரிக்குள் பெயருக்கு இரண்டு விறகுக்கட்டை போட்டால் அது உங்களுக்கு அசல் பார்பிக்யூ. கரி வாரிப்போட்டு, முகம் வெந்து நிற்பவர் செய்வது போலி. நல்லது. இளஞ்சிவப்புப் புகை வளையத்துக்குப் புள்ளி கொடுக்கும் புலமையும் வாழ்க! எரிபுகையின் நைட்ரிக் ஆக்சைடு இறைச்சியின் நிறமியோடு சேர்வதால் வரும் நிறம் அது. சுவைக்கு அதில் பங்கில்லை. பதப்படுத்தும் நைட்ரைட் உப்பைத் தடவினால் புகையே இல்லாமலும் வரும்.

அப்புறம் அந்த “சுற்றுலா” முத்திரை. 1968-இல் மார்ட்டின் லூதர் கிங் அதே நகரில் சுட்டுக் கொல்லப்பட்டபின் நகர்மையம் வெறிச்சோடியது. எதிரே இருந்த பீபாடி ஹோட்டலே 1975-இல் மூடி, 1981-இல்தான் திரும்பத் திறந்தது. பயணிகள் எட்டிப்பார்க்காத அந்த ஆண்டுகளிலும் சந்துக்குள் தணல் அணையவில்லை. உள்ளூர்க்காரர்கள் சாப்பிடாமலா கடை நின்றது?

பேச்சு வேறெங்கோ போய்விட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள் உழைப்பின் மேல் மரியாதை இருப்பதால்தான் எழுதுகிறோம். முதலிடம் கேட்கவில்லை, விலா காய்ந்திருந்தால், உப்புக் கரித்தால், தாராளமாகக் குறையுங்கள். அடுத்த பட்டியலுக்குப் படிவம் அச்சாகும் முன் “நேர்த்தணல் விலா” என்று ஒரு கட்டம் சேர்த்து, கடித்த தடம், மேற்பரப்பின் ஈரம், மசாலா ஒட்டிய விதம், கருகல் கசப்பு இவற்றுக்கு மட்டும் மதிப்பெண் போடும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தணலடுப்புச் சமையல் அறிந்த வாசகர்கள் சிலர்