நாளை காலை: பிராக் பழைய நகர நடை

அனைவருக்கும் வணக்கம். நாளை வழிகாட்டியோடு பழைய நகரத்தை நடந்தே பார்க்கிறோம். 8.30க்கு விடுதி வாசலில் கூடுவோம். மதியம் 1 மணிக்குள் முடிந்துவிடும்.

முதலில் பழைய நகரச் சதுக்கம். நகர மன்றக் கோபுரத்தில் உள்ள வானியல் கடிகாரம் 1410இல் செய்யப்பட்டது, இன்னமும் ஓடுகிறது. மணி அடிக்கும்போது அதில் உள்ள ஓர் எலும்புக்கூடு பொம்மை கயிற்றை இழுக்கும். மேலே இரண்டு சன்னல்கள் திறந்து இயேசுவின் 12 திருத்தூதர்களின் உருவங்களும் வரிசையாக வந்து போகும். எல்லாம் ஒரு நிமிடம்கூட இருக்காது. அதனால் 10 மணிக்குக் கொஞ்சம் முன்பே அங்கே நின்றுவிட வேண்டும். போனில் படம் எடுப்பதைவிடக் கண்ணால் பாருங்கள் என்பது என் ஆசை. கூட்டம் நெருக்கும், பையை முன்பக்கம் மாட்டிக்கொள்ளுங்கள்.

அதே கோபுரத்தின் அடியில், தரைக் கற்களில் 27 வெள்ளைச் சிலுவைகள் பதித்திருக்கிறார்கள். 1621இல் பேரரசரை எதிர்த்ததற்காக அந்தச் சதுக்கத்தில் கொல்லப்பட்ட 27 பேரின் நினைவு அது. தயவுசெய்து மிதிக்காமல் சுற்றிப் போவோம்.

அப்புறம் சார்லஸ் பாலம். மன்னர் நான்காம் சார்லஸ் காலத்தில், 1357இல் கட்டத் தொடங்கியது. நீளம் அரை கிலோமீட்டருக்குச் சற்று மேல், இரு பக்கமும் சேர்த்து 30 சிலைகள். நடை அங்கேயே முடிகிறது. ஆற்றுக்கு அக்கரையில் உள்ள கோட்டை இதில் சேராது. விரும்புகிறவர்கள் மதியத்துக்கு மேல் போகலாம்.

வழி முழுக்கக் கருங்கல் பாவிய தெரு. செருப்பு வேண்டாம், நல்ல ஷூ போடுங்கள். முழங்கால் வலி உள்ளவர்கள் இன்று இரவே எனக்குத் தனியாகச் செய்தி அனுப்புங்கள், மெதுவாக நடக்கும்படி வழிகாட்டியிடம் சொல்லிவைக்கிறேன்.